கடலில் போடும் காசையும் அளந்து போடுங்கள்

பெறுநர்: விவசாய, உணவு உத்தரவாத அமைச்சு, மீன்வளத் துறை, மலேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மீனவன் இல்லை. கடலில் கால் நனைத்ததோடு சரி, வலை பிடித்தவன் அல்ல. ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துத் தோட்டங்களில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். செக்ரோல் என்ற ஆள் வருகைப் பதிவேடு எழுதி, உரக் கணக்கு பார்த்து, மாதக் கடைசியில் ஒவ்வொரு நிலப் பிரிவு நம்பருக்கும் தனித்தனியாகச் செலவுப் பட்டியல் போட்டு, பெரிய துரையின் (தோட்ட மேலாளரின்) மேசையில் வைத்துவிட்டு, அவர் எந்த வரியில் பென்சிலை நிறுத்துவாரோ என்று நின்ற காலம் அதிகம். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. யாராவது ஒரு தொகையைச் சொன்னால், "எந்தக் கணக்கில்?" என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. இந்த மடலே அந்தக் கேள்விதான். கொஞ்சம் நீளமாகக் கேட்கிறேன்.

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் செம்பனையும் தென்னையும், இன்னொரு பக்கம் பெர்ணம் ஆறும் அதன் கரையில் ஜெட்டி என்கிற படகுத் துறைகளும். பழக்குலை லாரியும் மீன் லாரியும் ஒரே சாலையில் மோதிக்கொள்ளாமல் போய்வர வேண்டும். தோட்டத்தை விட்டு வெளியேறிய எங்கள் பிள்ளைகள் சிலர் ஜெட்டியில் ஐஸ் உடைக்கிறார்கள், எங்கள் பெண்கள் சிலர் மீன் பிரிக்கிறார்கள். படகுக்குச் சொந்தக்காரர்களாகத் தமிழர்களைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் மீன் இல்லாமல் எங்கள் அடுப்பு எரியாது. அதனால் இதைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

விஷயம் சாலையோரத்து ஒட்டுக்கடை ஒன்றில் ஆரம்பித்தது. "சீனாக்காரன் தன் மீனவனுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறான், நம் அரசாங்கம் மாதம் முன்னூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறது" என்றார் ஒருவர். "நார்வேயில் மீனவனுக்கு அரசாங்கம் ஒரு காசு கொடுப்பதில்லை, அவன்தான் உலகத்துக்கே மீன் விற்கிறான்" என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் மேசையைத் தட்டினார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருப்பது வீட்டுக்கு வந்து கணக்கைத் தேடியபோதுதான் தெரிந்தது.

உலக அரசாங்கங்கள் மீன்பிடித் தொழிலுக்கு ஒரு வருடத்தில் எவ்வளவு செலவழிக்கின்றன என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரஷீத் சுமைலாவின் குழு பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறது. 2018ஆம் ஆண்டுக்கு அவர்கள் சொன்ன தொகை 3,540 கோடி அமெரிக்க டாலர். அதில் சீனா மட்டும் ஏறக்குறைய 726 கோடி. ஐரோப்பிய ஒன்றியம் 380 கோடி, அமெரிக்கா 343 கோடி, தென் கொரியா 319 கோடி, ஜப்பான் 286 கோடி. ஒட்டுக்கடைக்கு இது போதும். கிராணிக்குப் போதாது.

ஏன் போதாது என்றால், தோட்டத்தில் உரத்துக்குப் போட்ட ஆயிரம் வெள்ளியும் பங்களா பூந்தோட்டத்துக்குப் போட்ட ஆயிரம் வெள்ளியும் ஒரே ஆயிரம் இல்லை. கூட்டினால் இரண்டாயிரம்தான், ஆனால் அறுவடைக்கு உதவுவது ஒன்றே ஒன்று. சுமைலா குழுவும் இதைத்தான் செய்தது. மொத்தத்தை மூன்று கூடையாகப் பிரித்தது. மீன் வளத்தை ஆராய்வது, காவல் காப்பது, நிர்வகிப்பது போன்றவற்றுக்கான செலவு ஒரு கூடை; அதில் 1,060 கோடி டாலர். கடல் தாங்குவதைவிட அதிகமாகப் பிடிக்கத் தூண்டும் செலவு இன்னொரு கூடை: மலிவு எண்ணெய், புதுப் படகு, பெரிய என்ஜின். அதில் 2,220 கோடி. நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாத மிச்சம் 260 கோடி. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்க்கு மட்டுமே போகிறது.

இப்படிப் பிரித்ததும் படம் மாறிவிடுகிறது. சீனாவின் தொகையில் ஐந்தில் நான்கு பங்கு இரண்டாவது கூடையில் விழுகிறது. ஜப்பானும் ஏறக்குறைய அப்படித்தான். அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே. பெரும்பகுதி மீனை எண்ணுவதற்கும் காப்பதற்கும் போகிறது. ஆகவே, "அவன் எவ்வளவு கொடுக்கிறான்" என்று கேட்டால் ஒரு பதில் வரும், "எதற்குக் கொடுக்கிறான்" என்று கேட்டால் வேறு பதில் வரும்.

தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. 2022இல் ஜெனீவாவில் நடந்த உலக வாணிப அமைப்பின் கூட்டத்தில் இந்திய அமைச்சர் பியூஷ் கோயல், எங்கள் நாட்டு மீனவக் குடும்பத்துக்கு வருடத்துக்கு வெறும் 15 டாலர்தான் போகிறது, சில நாடுகளில் 42,000, 65,000, 75,000 டாலர் வரை கொடுக்கிறார்கள் என்றார். கேட்டால் வயிறு எரியும். ஆனால் கணக்கு தெரிந்தவனுக்கு இன்னொன்றும் தோன்றும். வகுக்கும் எண் சின்னதாக இருந்தால் விடை பெரிதாகத்தான் வரும். கைவிரலில் எண்ணக்கூடிய பெரிய கப்பல்கள் உள்ள நாட்டையும் லட்சக்கணக்கான குடும்பங்கள் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போகிற நாட்டையும் ஒரே தராசில் வைத்தால் முள் ஒரு பக்கம்தான் சாயும். கோயல் சொன்னது பொய் இல்லை. வக்கீல் போல அவர் தம் தரப்புக்காக வாதாடினார், அவ்வளவுதான்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். அந்தப் பக்கத்துக் கரையில் நடந்ததை நான் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களுக்குத் தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்துவந்தது. 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். குறைவான தொகைதான். ஆனாலும் பாருங்கள், அது மீன் பிடிக்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் காசு. கடல் மூச்சு விட்டுக்கொள்வதற்கு அரசாங்கம் கட்டும் வாடகை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே கரையில் இன்னொரு காசும் இருக்கிறது. பாக் நீரிணையில் இழுவைப் படகுகள் ஒரு காலத்தில் அரசாங்க ஆதரவோடுதான் பெருகின. கடலடியை வாரிக்கொண்டு வரும் அந்த வலைகளால் இலங்கைத் தமிழ் மீனவர்களோடு வருடக்கணக்கில் சண்டை. இலங்கை 2017இல் கடலடி இழுவை முறையையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே வருடம் இந்திய மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன: இழுவைப் படகை விட்டுவிட்டு ஆழ்கடல் படகு வாங்கினால் 80 லட்சம் ரூபாயில் 70 விழுக்காடு மானியம். வாங்குவதற்கு ஒரு காலத்தில் காசு, கைவிடுவதற்கு இன்று காசு. இரண்டு முறையும் பணம் கொடுத்தது மக்கள். தோட்டத்தில் இப்படி ஒரு மரத்தை நட்டு, பிறகு பிடுங்கியிருந்தால், பெரிய துரை என் வேலையையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பார்.

இதில் ஒரு வேடிக்கை. 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வேத் திட்டம்தான் கேரளத்தின் நீண்டகரைப் பக்கம் இயந்திரப் படகுகளுக்கு வழி திறந்தது. "ஒரு காசு கொடுக்காத" அந்த நார்வேதான்! அந்த நாடு 1964இல் மீனவர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு வருடா வருடம் மானியம் கொடுத்தது. 1980களின் தொடக்கத்தில் அது உச்சத்துக்குப் போனது. 1990களில்தான் நேரடி மானியத்தை ஏறக்குறைய நிறுத்தினார்கள். அதற்குள் அவர்களிடம் எண்ணெய்க் கிணறுகளும், கடலை விட்டு வந்தவர்களுக்கு வேறு வேலைகளும் இருந்தன. அப்படியும் எரிபொருள் வரியில் விட்டுக்கொடுப்பதைச் சேர்த்துப் பார்த்தால் நார்வேயின் கணக்கு இன்றும் பூஜ்யம் இல்லை. கொடுக்காத வரியும் செலவுதான் என்பது எந்தக் கிராணிக்கும் தெரியும். நாடுகளை ஒப்பிடும் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு ஒரு காரணம் இந்த வரிச் சலுகைதான். ஒருவர் சேர்க்கிறார், ஒருவர் விட்டுவிடுகிறார்.

கனடாவின் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் அற்றுப்போய், 1992 ஜூலை 2ஆம் தேதி அரசாங்கம் மீன்பிடிப்பையே நிறுத்தியது. பல்லாயிரம் பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. பிறகு நிவாரணத்துக்கும் மறுபயிற்சிக்கும் போட்ட ஒரு திட்டத்துக்கு மட்டும் 190 கோடி கனடிய டாலர். அதுவும் பட்டியலில் "மீன்பிடிச் செலவு" என்றுதான் வரும். வியட்நாம் 2014இல் ஒரு கட்டளை போட்டு, இரும்புப் படகு கட்டக் கடன் கொடுத்தது. சில படகுகள் சில வருடத்திலேயே துருப்பிடித்தன, கடன் வங்கிகளின் தலையில் நின்றது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக ஏறியது. மீனவர்களுக்கு மட்டும் பழைய 1 வெள்ளி 65 காசு. அன்றைய கணக்கில் ஒவ்வொரு லிட்டருக்கும் அரசாங்கத்தின் பங்கு 1 வெள்ளி 70 காசு. அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. அன்று அதையும் ஏற்றியிருந்தால் பாசாரில் (சந்தையில்) கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் விலை என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 10,000 லிட்டர் எரிக்கும் இழுவைப் படகு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் போகும் உதவி 17,000 வெள்ளி. ஆற்று முகத்துவாரத்தில் வலை போடும் சிறு படகு 400 லிட்டர் எரித்தால் அதற்கு 680 வெள்ளி. அந்தச் சிறு படகுக்காரருக்கு வாழ்வாதார அலவன்ஸ் 300 வெள்ளியைச் சேர்த்தாலும் 980தான். பெரிய படகில் ஆள் அதிகம், செலவும் அதிகம் என்பது எனக்குத் தெரியும். அதன் தளத்தில் வேலை பார்ப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் எத்தனை பேர் என்பதும் ஜெட்டியில் நிற்பவனுக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த அலவன்ஸ் கிடையாது. லிட்டர் கணக்கில் கொடுக்கும் உதவி அதிகம் எரிப்பவனைத் தேடித்தான் போகும். தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது போல. உலக அளவிலும் இதுதான் நடக்கிறது: அதே 3,540 கோடி டாலரில் சிறு மீனவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்று 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. இழுவை வலையில் வருவதில் ஒரு பகுதி 'ஈக்கான் பாஜா', அதாவது உர மீன். சமையலுக்கு ஆகாத சின்ன மீன், வளராத குஞ்சு, உடைந்தது, நசுங்கியது. தீவனத்துக்கும் மாவுக்கும் போகிறது. தோட்டத்தில் உரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் விலைக்கு வாங்கி நிலத்தில் போட்டவன் நான். மக்கள் காசில் எண்ணெய் வாங்கி, நாளைக்கு கிலோ கணக்கில் வளர வேண்டிய குஞ்சை வாரி, அதை உரம் என்று பெயர் வைத்து விற்பது எந்தக் கணக்கில் லாபம் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு லிட்டர் மானிய டீசலுக்குச் சாப்பாட்டு மீன் எவ்வளவு, உர மீன் எவ்வளவு என்று யாராவது எழுதி வைத்திருந்தால் காட்டுங்கள்.

மானிய எண்ணெய் மீன் பிடிக்காமலேயே கடலில் கைமாறுவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பத்திரிகையில் மாதம் ஒரு முறையாவது படம் வருகிறது.

பெரிய படகும் சிறிய படகும் ஒரே கடலில் மோதிய வரலாறு இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1960களில் இழுவை வலை வந்தபோது பேராக்கிலும் பினாங்கிலும் கரையோர மீனவர்களோடு சண்டை மூண்டது. படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதன் பிறகுதான் கரையோரம் சிறு மீனவர்களுக்கு என்றும் அதற்கு அப்பால் மற்றவர்களுக்கு என்றும் கடலை மண்டலமாகப் பிரித்து உரிமம் கொடுக்கும் முறை வந்தது. கடலை மண்டலமாகப் பிரித்தவர்கள் கணக்கையும் மண்டலமாகப் பிரித்துக் காட்டலாமே?

முகத்துவாரத்தில் வலை போடும் மலாய் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட நான்கு வயது மூத்தவர், பாக் சிக் (மலாயில் மாமா) என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை இன்னும் "கிராணி" என்கிறார். அலவன்ஸ் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க என்னைத் தேடி வருவார். ஒருமுறை ஒரு அலுவலகத்தில் அவரை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்: முதலில் மீன் இறக்கிய ரசீது போதாது, பிறகு வங்கிப் புத்தக நகல் தெளிவாக இல்லை, பிறகு அந்த அதிகாரி விடுப்பு. முன்னூறு வெள்ளிக்கு மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை அவர். நான் அந்த அலுவலகத்தின் மேல் புகார் எழுத வரவில்லை. ஆனால் மாதம் 300 வெள்ளி வாங்குபவர் ஒவ்வொரு மீனுக்கும் காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது என்றால், லிட்டருக்கு 1 வெள்ளி 70 காசு கணக்கில் கொடுத்தவர்களும் எங்களுக்கு ஒரு காகிதம் காட்டலாம்.

இந்த இடத்தில் ஜெனீவாவுக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. உலக வாணிப அமைப்பில் 2001இல் தொடங்கிய பேச்சு இருபத்தோரு வருடம் இழுத்து, 2022 ஜூன் 17ஆம் தேதி மீன்பிடி மானிய ஒப்பந்தமாக முடிந்தது. சட்டவிரோத மீன்பிடிக்கும், ஏற்கெனவே அற்றுப்போகும் நிலையில் உள்ள மீன் வளத்தைப் பிடிப்பதற்கும், யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத ஆழ்கடலில் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்பது அதன் சாரம். மலேசியா 2024 பிப்ரவரியில், அதே அமைப்பின் அபுதாபி மாநாட்டின்போது, தன் ஒப்புதலைக் கொடுத்தது. 2025 செப்டம்பர் 15 முதல் அது அமலில் இருக்கிறது. அளவுக்கு மீறிப் படகு பெருக்குவதற்கான மானியத்தைப் பற்றிய இரண்டாம் பகுதி அபுதாபியில் முடியவில்லை. இந்தியா போன்றவை, பணக்கார நாடுகள் தின்று தீர்த்த பிறகு எங்கள் தட்டைப் பிடுங்குகிறீர்களா என்று கேட்டன. அதிலும் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம் அமலுக்கு வந்த நான்கு வருடத்துக்குள் அந்த இரண்டாம் பகுதி நிறைவேறாவிட்டால், உறுப்பு நாடுகள் வேறுவிதமாக முடிவு செய்தால் ஒழிய, ஒப்பந்தமே காலாவதி ஆகிவிடும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு முக்கியம் அதன் எட்டாவது பிரிவு. எந்த வகை மீன்பிடிக்கு மானியம் கொடுக்கிறோம் என்பதை உறுப்பு நாடு தெரிவிக்க வேண்டும். முடிந்த அளவு, அந்த மீன் வளத்தின் நிலை என்ன, படகுகளின் மீன்பிடித் திறன் என்ன, எந்த இனத்தை எவ்வளவு பிடித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதாவது நான் கேட்கும் கணக்கில் பெரும்பகுதியை ஜெனீவாவில் இருக்கும் ஒருவருக்குக் கொடுக்க நாம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

அதை எங்களுக்கும் கொடுங்கள். அறிக்கையின் நூற்று எத்தனையாவது பக்கத்திலோ அல்ல, ஒவ்வொரு மீன் இறங்குதுறையின் பலகையிலும், மலாயில், எளிய பட்டியலாக. போன வருடம் மானிய டீசல் எந்த மண்டலப் படகுகளுக்கு எத்தனை லிட்டர் போனது, அதற்கு ஆன செலவு எத்தனை வெள்ளி. அந்தப் படகுகள் இறக்கியதில் சாப்பாட்டு மீன் எத்தனை டன், உர மீன் எத்தனை டன். அலவன்ஸுக்கு எவ்வளவு, வாங்கியவர் எத்தனை பேர், விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர் எத்தனை பேர். கடலை ஆராயவும் காவல் காக்கவும் எவ்வளவு. படகு முதலாளிகளின் பெயர் எனக்கு வேண்டாம். மண்டலமும் உரிம வகையும் போதும்.

மானியத்தை வெட்டச் சொல்லும் மடல் இது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்ணெய்க்குக் கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அந்தக் காசை ஆளுக்குக் கொடுப்பதும், குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலுக்குப் போகாமல் இருப்பவருக்குக் கொடுப்பதும் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கணக்கு கையில் இல்லாதவரை அதுவும் ஒட்டுக்கடைப் பேச்சுதான். மேசையைத் தட்டிய அந்த இருவரோடு நானும் மூன்றாவது ஆளாக உட்கார வேண்டியதுதான்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார் என் பாட்டி. அரிசி அளக்கும் தகர டின்னைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார். நாம் கடலில் போடுகிறோம்.

பதிலை மலாயிலேயே எழுதலாம். ஜெட்டியில் மீன் பிரிக்கும் எங்கள் பெண்களுக்கு நான் தமிழில் படித்துச் சொல்லிக்கொள்கிறேன். பாக் சிக்குக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது, அதனால் பலகையில் ஒட்டும்போது எண்களைக் கொஞ்சம் பெரிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.